கட்டில் கணக்கும் நாங்கள் கண்டதும்

உப்புவெளியிலிருந்து:
ஆயிரம் பேருக்கு எத்தனை ஆஸ்பத்திரிக் கட்டில் என்று பார்த்தால் யப்பானும் தென்கொரியாவும் 12-ஐத் தாண்டி நிற்கின்றன. ஜேர்மனி 8-ஐ ஒட்டி. கனடாவும் பிரித்தானியாவும் இரண்டரை அளவுதான். நம் இலங்கை ஏறக்குறைய 4! ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார். ஆனால் அவருடைய மாமியார் மூச்சுத்திணறலோடு போனபோது இரவு முழுக்க அவசரப் பிரிவின் நடைபாதையில் தள்ளுகட்டிலில்தான் கிடந்தார். வாட்டில் இடம் கிடைக்க மறுநாள் பின்னேரமாகிவிட்டது. இங்கே அம்மாவை டெங்குக் காய்ச்சலோடு கொண்டுபோனோம். கொஞ்ச நேரத்திலேயே வாட்டில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றியது சரி, கட்டில் இல்லை. நிலத்தில் பாய் விரித்தோம். அங்கே இடம் வரும்வரை வெளியில் வைத்திருக்கிறார்கள், இங்கே யாரையும் திருப்பி அனுப்பாமல் உள்ளே எடுத்துவிட்டு இடம் தேடுகிறார்கள். எது மேல் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் பட்டதையும் எழுதுங்கள்.

மூதூரிலிருந்து:
திருகோணமலை மாவட்டத்துக்கு எத்தனை கட்டில் என்று கேட்பதைவிட, அது தண்ணீருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். நடுவில் உள்ள தண்ணீரைக் கடக்கும் கிண்ணியாப் பாலம் திறந்தது 2009-இல். அதற்கு முன் கடுமையான நோயாளி என்றால் லோஞ்ச் (மோட்டார்ப் படகு), இல்லாவிட்டால் ‘பாதை’ எனும் மிதவை. கடல் கொந்தளித்தால் விடியும்வரை காத்திருக்கத்தான் வேணும். இப்போது பாலங்கள் வந்துவிட்டன, ஆட்கள் சாதாரணக் காய்ச்சலுக்கும் நேரே திருகோணமலை ரவுணுக்குப் போகிறார்கள். அவர்களில் முழுப் பிழையும் இல்லை. என் மனைவியைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினேன். வாட்டில் பாதிக் கட்டில் காலி. ஸ்கான் எடுக்க ஆளில்லை என்று பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். அங்கே போனால் கால் வைக்க இடமில்லை.

ஓய்வு பெற்ற தாதி ஒருவர்:
மூதூர்க்காரர் சொன்னது நாடு முழுக்க உள்ள கதை. 1934–35 மலேரியாவில் சனம் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் கிராமப்புறங்களில் சிறிய ஆஸ்பத்திரிகள் வேகமாகப் பெருகின. நம்முடைய அந்த 4-க்குள் அவையும் அடக்கம். அவற்றில் கட்டில் சும்மா கிடக்கும், பெரிய இடங்களில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். சராசரி போட்டால் இரண்டும் சேர்ந்து அழகான எண்ணாகிவிடும்.

யப்பானைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். அங்கே முதியவர்கள் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே தங்குவார்கள், அதனால் அத்தனை கட்டில் தேவைப்படுகிறது. பிரித்தானியாவில் காலையில் ஒப்பரேஷன் செய்து பின்னேரம் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் கூடிவிட்டது. அதுவும் எண்ணிக்கை குறைய ஒரு காரணம்.

2017-இல் நாட்டில் 1,86,000-க்கு மேல் டெங்கு நோயாளிகள், டெங்கு கடுமையாகத் தாக்கிய கிண்ணியா பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அப்படியான நேரத்தில் மேலதிகக் கட்டில் எங்கிருந்தாவது வந்துவிடும், விறாந்தையிலும் போடலாம். ஆனால் டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கினால் மணிக்கொரு தடவை பிரஷர் பார்க்க வேண்டும், போகிற சிறுநீரை அளக்க வேண்டும், அதற்கேற்பச் சேலைனைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இரவு ட்யூட்டியில் வாட்டு முழுவதற்கும் இரண்டு மிஸ்ஸிமார் (தாதியர்) மட்டும் நின்றால் இதை யார் செய்வது? அடுத்த தடவை யாராவது கட்டில் அன்பளிப்புச் செய்கிறோம் என்று வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.