தீக்காய வார்டில் நடுங்கி நிற்கும் மாணவியை எப்படிப் பயிற்றுவிப்பது?

கேள்வி (செவிலியர் கல்லூரி டியூட்டர், தமிழ்நாடு):
பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் மற்ற வார்டுகளில் நன்றாகவே பணியாற்றுகிறார். தீக்காய வார்டுக்குள் நுழைந்தால் மட்டும் கை நடுங்கி, பேச்சற்று நின்றுவிடுகிறார். காரணத்தை அவர் சொல்லவில்லை. பட்டம் பெறுவதற்கு முன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் 100 சதவீத வருகை வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி என்பதால், இந்தப் போஸ்டிங்கிலிருந்து விலக்கும் அளிக்க முடியாது. "பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்" என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். மனக்காயத்தைக் கருத்தில் கொண்டு கற்பிக்கும் முறையைப் பற்றிப் படித்திருக்கிறேன். அதை வார்டில் எப்படிக் கடைப்பிடிப்பது?

பதில் 1 (மனநலச் செவிலியப் பேராசிரியர்):
காரணத்தைக் கேட்காமல் விட்டது சரி. இனியும் கேட்க வேண்டாம். அமெரிக்க அரசின் மனநலச் சேவை அமைப்பான சாம்சா (SAMHSA), மனக்காயத்தைக் கருத்தில் கொள்ளும் அணுகுமுறை பற்றி 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள ஆறு கொள்கைகளுள், ஒளிவுமறைவின்மை, தெரிவுக்கு இடமளித்தல் ஆகிய இரண்டும் உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துகின்றன. வார்டில் என்ன தெரியும், கட்டு மாற்றும்போது நோயாளி எப்படி அலறக்கூடும், வாடை எப்படியிருக்கும் என்பதையெல்லாம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்; வாடையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் பழைய நினைவை முதலில் கிளறுவது பெரும்பாலும் அதுதான். பிறகு வேலையின் வரிசையை மாணவியுடன் கலந்து முடிவு செய்யுங்கள். 60 கிலோ எடையும் உடற்பரப்பில் 30 சதவீதத் தீக்காயமும் உள்ள நோயாளிக்குப் பார்க்லேண்ட் சூத்திரப்படி (4 மி.லி. × எடை × தீக்காயச் சதவீதம்) 24 மணி நேரத்துக்கு 7,200 மி.லி. திரவம், அதில் பாதி காயம்பட்ட நேரத்திலிருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் என்று கணக்கிடுவதும், சிறுநீர் அளவைக் குறித்துவருவதும் தீக்காயப் பராமரிப்பின் மையமான வேலைகளே. அவற்றில் தொடங்கி, கட்டு மாற்றுவதைப் பார்த்தல், உதவுதல், தானே செய்தல் எனப் படிப்படியாகக் கொண்டுசெல்லலாம். இடையில் வெளியே செல்ல நேர்ந்தால் காட்ட வேண்டிய சைகை ஒன்றையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2 (வார்டு இன்சார்ஜ்):
மன்னிக்கவும், ஒரு கேள்வி எழுகிறது. நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளி யாருக்கும் முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. இப்படிப் பழக்கப்பட்டவர் வேலையில் சேர்ந்ததும் என்ன செய்வார்?

பதில் 3 (செவிலியப் பயிற்றுநர், மட்டக்களப்பு):
இன்சார்ஜ் அவர்களின் கவலை நியாயமானது. எனினும் இங்கே மாறுவது கற்கும் வரிசைதானே தவிர, எட்ட வேண்டிய திறன் அல்ல. நடுங்கும் கையால் கட்டைப் பிரித்தால் முதலில் வலிப்பது நோயாளிக்கு. எங்கள் பகுதியில் 2004 சுனாமியையும் 2009 வரை நீடித்த போரையும் சிறுவயதில் கண்டவர்கள் மாணவர்களாக வந்தார்கள். யாருக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க முயல்வது வீண் என்பதுடன், சிலவேளை கொடுமையும் ஆகும். தொற்று உள்ளவர் யார் என்று ஆராயாமல் எல்லா நோயாளியின் இரத்தத்துக்கும் கையுறை அணிகிறோம் அல்லவா, அதுபோல் இந்த முறையையும் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக வைப்பதே நல்லது.

இன்னும் இரண்டு செய்திகள். படுக்கையருகே, நோயாளியின் முன்னால் மாணவியைத் திட்டும் வழக்கம் தொடரும்வரை மற்ற ஏற்பாடுகளால் பெரிய பயன் இராது. அடுத்து, போஸ்டிங் முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக அமர்த்தி மனத்தில் உள்ளதைக் கொட்டச் சொல்லாதீர்கள். ஒரே அமர்வில் கட்டாயமாக நடத்தப்படும் அத்தகைய உளவியல் கலந்துரையாடல், பின்னாளில் வரும் மனக்காய நோயைத் தடுப்பதில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு காட்டியிருக்கிறது. செய்த வேலையைப் பற்றிப் பேசுங்கள். உணர்வைப் பற்றிப் பேசுவது அவரவர் விருப்பம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மதிப்பெண் எப்போது போடுவது? அவர் உறக்கமின்றித் தவிப்பதாகவும் தோழிகள் சொல்கிறார்கள்.

பதில் 1 எழுதியவர்:
செய்முறை மதிப்பீட்டைப் போஸ்டிங்கின் கடைசி நாள்களுக்குத் தள்ளிவையுங்கள். சரிபார்ப்புப் பட்டியலை முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உறக்கமின்மை நீடித்தால் அது ஆசிரியர் கையாள வேண்டியது அன்று. கல்லூரியின் மனநல ஆலோசகரையோ 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணையோ நாடுமாறு தனியே சொல்லுங்கள். போனாரா என்று வார்டில் வைத்து விசாரிக்க வேண்டாம்.