காபியில கழுவின ஃபிலிம் கண்ணாடி மாதிரி வந்திருக்கு, உதவி வேணும்

திருவொற்றியூர்:
எண்ணூர் முகத்துவாரத்துல அலையாத்தி ஓரமா டைமர் வெச்சு என்னையே எடுத்த 36 படம். 35 எம்எம், 100 ஐஎஸ்ஓ, கருப்பு வெள்ளை. டெவலப்பருக்குப் பதிலா காபிக் கலவையில கழுவினது: அரை லிட்டர் தண்ணி, சோடா உப்பு 27 கிராம், வைட்டமின் சி பவுடர் 8, சிக்கரி இல்லாத இன்ஸ்டன்ட் காபி 20. 20 டிகிரி, 15 நிமிஷம். ஹைப்போ (டெவலப் ஆகாத வெள்ளியைக் கரைச்செடுக்கற கரைசல்) முடிஞ்சு பார்த்தா ஃபிலிம் முழுக்க வெறும் கண்ணாடி. ஷட்டர் போச்சா? திரும்பக் கழுவினா படம் வருமா?

ராயபுரம்:
ஓரத்துல பிரேம் நம்பர் தெரியுதா? அது தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதிஞ்சு வர்றது, கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

திருவொற்றியூர்:
ஒரு நம்பரும் இல்லங்க.

ராயபுரம்:
அப்போ அந்த நம்பர்கூட டெவலப் ஆகல. அதனால கேமராவைச் சந்தேகப்பட வேண்டாம், தப்பு சோடாவுல. கடையில சோடா உப்புன்னா ஆப்ப சோடாதான் தருவாங்க. அதுல காரம் போதாது, அதோட வைட்டமின் சி-யும் சேர்ந்தா காபி வேலையே செய்யாது. வேண்டியது சலவை சோடா, ஈரமில்லாத தூள். கற்கண்டு மாதிரி கட்டியா இருந்தா பாதிக்கு மேல தண்ணி. 27-க்குப் பதிலா 73 கிராம் போடணும்.

கையில இருக்கற ஆப்ப சோடாவையே மாத்தலாம். 43 கிராமை வாணலியில மிதமான தீயில வறுங்க. முதல்ல ஆவி விட்டு, தண்ணி கொதிக்கற மாதிரி தளதளன்னு அசையும். அது அடங்கி, எடை 27-ல நின்னா தயார். சோடா, வைட்டமின் சி, காபின்னு இதே வரிசையில கரைங்க. ஃபிலிம் நுனியில ஒரு துண்டு வெட்டி வெளிச்சத்துலயே உள்ள போடுங்க. சில நிமிஷத்துல கருக்கலன்னா ரோலைத் தொடாதீங்க.

இந்த ரோல் திரும்ப வராது, மன்னிக்கணும். டெவலப் ஆகாத வெள்ளி முழுக்க ஹைப்போவுல கரைஞ்சு போயிருக்கும்.

கொளத்தூர்:
அந்த ஹைப்போவைச் சாக்கடையில ஊத்தாதீங்க. கால்வாய் வழியா முகத்துவாரத்து இறாலுக்கும் நண்டுக்கும்தான் போய்ச் சேரும். சோப்பு இல்லாத ஸ்டீல் வுல்லை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல அதோட ஊறப் போடுங்க. இரும்பு கரையும், வெள்ளி கருப்புச் சேறா அடியில தங்கும். புதுசா வேணும்னா இங்க வண்ணமீன் கடைகள்ல ஹைப்போ கல் கேளுங்க, லிட்டருக்கு 250 கிராம். கரையறப்போ தண்ணி சில்லுன்னு ஆயிடும், டிகிரி பார்த்துட்டு ஊத்துங்க.

அடுத்த தடவை, நிக்கப்போற இடத்துல ஒரு குச்சி நட்டு, அதுல ஃபோகஸ் வெச்சு, லென்ஸ் திறப்பை எஃப் 8-ல வெச்சு எடுங்க. சேத்துல பத்து செகண்டுல ஓடிப்போய் நிக்க முடியாது, தூரத்துல இருந்தே ஷட்டரை அழுத்தற நீளமான கேபிள் ரிலீஸ் வாங்கிடுங்க.