பில்லர் ஊசிக்குப் பின் ஆக்சிஜன் அறை: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டிலிருந்து:

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, என் தங்கை மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோட்டை நிரப்புவதற்காகப் பெங்களூரில் ஓர் அழகு நிலையத்தில் பில்லர் போட்டுக்கொண்டாள். திரும்பி வரும் பேருந்து கிருஷ்ணகிரியைத் தாண்டுவதற்குள் வலி தொடங்கிவிட்டது. தொலைபேசியில் கேட்டதற்கு, "ஊசி வீக்கம்தான், ஐஸ் ஒத்தடம் கொடுங்கள்" என்றார்கள். இரவு முழுவதும் ஒத்தடம் கொடுத்தவள் நான்தான். மூக்கின் இடப்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்ததை, ஐஸின் குளிர்ச்சியால் வந்த வெளுப்பு என்றே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலைக்குள் அங்கே ஊதா நிறத்தில் வலை பின்னியதுபோல் கோடுகள் படர்ந்துவிட்டன. தருமபுரியில் தோல் மருத்துவர் அந்த இடத்தை விரலால் அழுத்தி, விரலை எடுத்துவிட்டு, வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டு எண்ணுவதற்குள் நிறம் திரும்பிவிட வேண்டுமாம். அவர் ஏழு வரை எண்ணினார். ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறது என்று சொல்லி, பில்லரைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் ஊசியை மணிக்கொரு முறை போட்டுவிட்டு, பெங்களூரில் ஆக்சிஜன் அறைச் சிகிச்சைக்கு, அதாவது அழுத்தம் கூட்டிய அறைக்குள் தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்கு, எழுதிக் கொடுத்தார். பத்து நாள் போய் வந்தோம். மூக்கு பிழைத்தது, துவாரத்தின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது. அந்த ஐஸ் ஒத்தடத்தை என்னால் மறக்க முடியவில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

ஓசூரிலிருந்து:

எனக்கு மேலுதட்டில் நேர்ந்தது. முன்கதை உங்களுடையதுதான், அதனால் அறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். படுத்த நிலையில் உள்ளே தள்ளி மூடும் ஒளிபுகும் உருளை அது. வெளியே அம்மா உட்கார்ந்திருந்தது தெரிந்தது. முதல் நாள் நான் உள்ளே போகவே முடியவில்லை. வழக்கம்போல் காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னி, பூவும் வைத்துக்கொண்டு போயிருந்தேன். செவிலியர் என் கூந்தலைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "எண்ணெயோடு உள்ளே விட மாட்டோம் அம்மா" என்றார். தூய ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தாலும் எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்றும், நைலான் துணி, கைபேசி எதுவும் ஆகாது என்றும் விளக்கினார். அங்கேயே இரண்டு முறை ஷாம்பூ போட்டு அலசி, பருத்தி அங்கி மாற்றி, தாலிச்சங்கிலியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அதைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, நான் வெளியே வரும்வரை அம்மா அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

அழுத்தம் ஏறும்போது, தொப்பூர்க் கணவாயில் பேருந்து இறங்குகையில் காது அடைக்குமே, அதுபோல அடைத்தது. எச்சில் விழுங்கியும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியும் சரிசெய்துகொண்டேன். வழக்கமான காற்றழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று மேல், ஒவ்வொரு முறையும் 90 நிமிடம். நான்காம் நாள் கருத்திருந்த உதட்டின் விளிம்பில் சிவப்பு தெரிந்தது. கரைக்கும் ஊசி போட்டு ஒரு நாள் கழித்தும் மாறாதது அங்கேதான் மாறியது. என் உதட்டைக் காப்பாற்றியது அந்த அறைதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

ஓசூர் சகோதரி நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் அவர் கடைசியில் எழுதியதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் அதைப் படித்துவிட்டு ஒருவர் கரைக்கும் ஊசியை விட்டுவிட்டு நேரே அறையைத் தேடிப் போனால் கெடுதல் நேரும். என் கணவருக்குச் சர்க்கரை நோயால் வந்த கால் புண்ணுக்கு இதே சிகிச்சை நடந்தது, நானும் செவிலியராக இருந்தவள். அழுத்தத்தில் ஆக்சிஜன் ரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே கூடுதலாகக் கரைவதால், ரத்த ஓட்டம் குறைந்த இடத்தின் விளிம்பில் இருக்கும் திசுக்கள் தாக்குப்பிடிக்கின்றன. அடைப்பை அது கரைக்காது. ஹையலூரானிக் அமில பில்லரைக் கரைப்பது ஹையலூரானிடேஸ்தான். ஆழ்கடலில் மூழ்கி எழுபவர்களுக்கு வரும் நோய்க்கும் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கும் இந்த அறை நெடுங்காலமாகப் பயன்படுகிறது. பில்லர் விஷயத்தில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் பதிவுகளே. ஆகவே அது துணைச் சிகிச்சை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். போட்ட பில்லரின் பெட்டியில் உள்ள ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்; கால்சியம் வகையாகவோ சிலிக்கானாகவோ இருந்தால் அந்த ஊசி அதைக் கரைக்காது. ஹையலூரானிடேஸைக் கையிருப்பில் வைத்திருக்கிறீர்களா என்று பில்லர் போடுவதற்கு முன்பே கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அடைப்பு என்ற ஐயம் வந்தால் ஐஸ் வைக்காதீர்கள், அது குழாயை மேலும் சுருக்கும். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தபடியே கிளம்புங்கள். நுரையீரலில் காற்றுக் கசிவு இருப்பவர்கள் அறைக்குள் போகக் கூடாது, எனவே மார்பு எக்ஸ்ரேயைத் தட்டிக்கழிக்காதீர்கள். பில்லர் போட்ட சில நிமிடங்களில் ஒரு கண்ணில் பார்வை மங்கினால் வீட்டுக்கே வரக் கூடாது. விழித்திரை ரத்தமின்றி ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். பாலக்கோட்டுத் தங்கைக்குப் போட்டது எந்த வகை?

பாலக்கோட்டிலிருந்து:

அம்மா, ஒட்டுச்சீட்டு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தருமபுரி மருத்துவரும் முதலில் அதைத்தான் கேட்டார். அவர் முன்னிலையிலேயே அந்த அழகு நிலையத்தை நான்கு முறை அழைத்தோம். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள், பெயரைச் சொல்லவில்லை. காத்திருந்தால் தோல் செத்துவிடும், ஹையலூரானிக் என்றே வைத்துக்கொண்டு போடுகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு அவர் மருந்தைக் கலக்கினார். மூன்றாம் ஊசிக்குப் பிறகு மறுபடியும் அழுத்தி எண்ணினார். நான்கில் நிறம் திரும்பியது.