ஒரே சேனல், ஒரு லேப்டாப்ல சிவப்பு, இன்னொண்ணுல கலரே இல்ல. எதை நம்பறது? (அவசரம்)

கவி_கொருக்குப்பேட்டை
எல்லாருக்கும் வணக்கம். அந்தப் பச்சை சிவப்பு எக்ஸ்டென்ஷன் இருக்குல்ல, அதுல ஒரு சேனல் பேர் சிவப்பா காட்டுது. அக்கா லேப்டாப்ல பார்த்தா ஒண்ணுமே காட்டல, எப்பவும் போல கருப்பாதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஷூட்டுக்கு வர்றோம்னு சொல்லியிருக்காங்க. நாளைக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லியாகணும். ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டேன், அப்படியேதான் இருக்கு. எது உண்மை? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

மூலக்கொத்தளம்_ரவி
இன்னா எக்ஸ்டென்ஷன்மா? இன்னா சேனல்? யாரு ஷூட்டுக்கு வர்றது? தலையும் இல்லாம வாலும் இல்லாம எது உண்மைன்னு கேட்டா நாங்க இன்னா சொல்றது. கேஷ் கிளியர் பண்ணிப் பாரு மொதல்ல. பாதிப் பிரச்சனை அதுலயே ஓடிடும்.

பைட்_பண்டிதர்
உதவி கேட்பவர்கள் என்னென்ன எழுத வேண்டும் என்று முகப்பில் ஒட்டி வைத்து வருடக்கணக்காகிறது. பிரவுசர் எது, பதிப்பு எது, எந்தத் தளம், இரண்டு கணினியிலும் எக்ஸ்டென்ஷன் பதிப்பு ஒன்றுதானா. இவை இல்லாமல் ஜோசியம்தான் சொல்ல முடியும். ரவி சொல்வது அந்த வகைதான்.

இளமாறன்_எண்ணூர்
கவி அக்கா சொல்றது ஷினிகாமி ஐஸா இருக்கும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்: சில வருஷமா இருக்கு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுலயும் போடலாம். ஃபேஸ்புக், ட்விட்டர் (இப்ப எக்ஸ்), ரெட்டிட், யூட்யூப் மாதிரி இடத்துல திருநர்களை மதிக்கிற அக்கவுண்ட் பேரைப் பச்சையாவும், வெறுப்பைக் கக்குறதைச் சிவப்பாவும் காட்டும். குறிக்கிறது அதைப் பயன்படுத்துற நம்மள மாதிரி ஆளுங்கதான். பேர் மேல ரைட் கிளிக் பண்ணி இது நல்லது, இது கெட்டதுன்னு போடணும். நான் ஒரு திருநம்பி, ரொம்ப நாளா வச்சிருக்கேன்.

அக்கா, அதுதானா? எந்தச் சைட்டு?

கவி_கொருக்குப்பேட்டை
ஆமா அதுதான் தம்பி. யூட்யூப். ரெண்டு லேப்டாப்லயும் குரோம். சாப்பாட்டு சேனல், ராயபுரம் பக்கத்துப் பசங்க நடத்தறாங்க. பேர் இங்க போட வேணாம்னு பார்க்கறேன். நாங்க திருநங்கைங்க சேர்ந்து குழுவா கல்மண்டபம் பக்கம் சாயங்காலம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போடறோம், அதைத்தான் எடுக்கணும்னு கேக்கறாங்க.

மூலக்கொத்தளம்_ரவி
அத்தோவா! கல்மண்டபத்துல எந்தப் பக்கம்? மொறுமொறு பேஜோ நொறுக்கிப் போடுவீங்களா, இல்ல இப்ப சில கடைங்கள்ல போடறா மாதிரி வெறும் முட்டைகோசும் நூடுல்சுமா? வாழைத்தண்டு சூப்பு தனியா காசா?

கவி_கொருக்குப்பேட்டை
பேஜோ இல்லாம அத்தோவா அண்ணே. பூண்டு எண்ணெய், புளித்தண்ணி எல்லாம் ஊத்தி கையால பிசைஞ்சுதான் தர்றோம். சூப்பு ஃப்ரீ. இப்ப என் கேள்விக்கு யாராச்சும் வாங்களேன்.

பைட்_பண்டிதர்
வருகிறேன். இது எனக்குப் பார்த்தவுடனே தெரிந்த விஷயம், விவரம் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன். இந்த எக்ஸ்டென்ஷன் பெயர்ப் பட்டியலை அப்படியே உங்கள் கணினியில் வைப்பதில்லை. ப்ளூம் ஃபில்டர் என்ற அமைப்பில் வைக்கிறது. 1970-ல் பர்ட்டன் ப்ளூம் எழுதியது. ஒவ்வொரு அக்கவுண்டையும் சில கணக்குகளில் போட்டு, 0-களாக நிற்கும் நீளமான பிட் வரிசையில் சில இடங்களை 1 என்று மாற்றுவார்கள். பிறகு ஒரு பெயரைச் சோதிக்கும்போது அதற்குரிய இடங்களெல்லாம் 1 ஆக இருந்தால் "பட்டியலில் இருக்கிறது" என்று சொல்லும். வெவ்வேறு பெயர்கள் போட்ட 1-கள் தற்செயலாகச் சேர்ந்து, பட்டியலில் இல்லாத ஒருவரையும் இருப்பதாகக் காட்டிவிடலாம். இருப்பவரை இல்லை என்று மட்டும் ஒருபோதும் சொல்லாது. உங்கள் ராயபுரம் பையன்கள் அப்படி மாட்டியிருக்கிறார்கள். பிழையான சிவப்பு. கவலைப்படாமல் ஷூட்டிங் வைத்துக்கொள்ளுங்கள். இழையை மூடலாம்.

இளமாறன்_எண்ணூர்
பண்டிதர் சார், விளக்கம் பிரமாதம். ஆனா ஒரு இடத்துல இடிக்குது. அந்த ஃபில்டர் எக்ஸ்டென்ஷனோடவே வர்றது. ரெண்டு மெஷின்லயும் ஒரே பதிப்புன்னா ஃபில்டரும் ஒண்ணுதான், கணக்கும் ஒண்ணுதான். தற்செயலா மாட்டினா ரெண்டுலயும் மாட்டணும். ஒண்ணுல மட்டும் எப்படி சிவப்பு வரும்?

பைட்_பண்டிதர்
பதிப்பு ஒன்றுதான் என்று அவர் எங்கே சொன்னார்? அதைத்தான் முதலிலேயே கேட்டேன்.

கவி_கொருக்குப்பேட்டை
இப்பதான் பார்த்தேன். ரெண்டுலயும் ஒரே நம்பர்தான் போட்டிருக்கு.

மூலக்கொத்தளம்_ரவி
😂

தண்டையார்பேட்டை_ஜான்
இன்காக்னிட்டோல தொறந்து பாருங்க சிஸ்டர். அதுல சிவப்பு போயிடுச்சுன்னா உங்க குரோம்லதான் ஏதோ கோளாறு.

இளமாறன்_எண்ணூர்
ஜான் அண்ணே, இன்காக்னிட்டோல எக்ஸ்டென்ஷன் தானா ஓடாது. நாமளா போய் அனுமதி குடுத்தாதான் உண்டு. அதனால அங்க கலர் காணோம்னா அதுல இருந்து ஒண்ணும் தெரியாது. குரோம்ல புது ப்ரொஃபைல் ஒண்ணு போட்டு, அதுல எக்ஸ்டென்ஷனைப் புதுசா ஏத்தி, அதே சேனலைத் திறந்து பாருங்க அக்கா. அங்க கலர் இல்லேன்னா, சிவப்பு வந்தது பொதுப் பட்டியல்ல இருந்து இல்ல. உங்க பழைய ப்ரொஃபைல்ல உட்கார்ந்து யாரோ கையால குறிச்சது. நாம குறிச்சது நம்ம மெஷின்ல அப்பவே தெரியும். சர்வருக்கும் போகும், ஆனா மத்தவங்க கண்ணுக்கு வரணும்னா அடுத்த அப்டேட்ல பட்டியல் மாறினாதான்.

முக்கியமா, எக்ஸ்டென்ஷனை எடுத்துட்டுத் திரும்பப் போடாதீங்க. பழைய குறியெல்லாம் அழிஞ்சிடும், அப்புறம் எதனாலன்னு கண்டுபிடிக்கவே முடியாது. லேப்டாப்பை வேற யாராச்சும் தொடுவாங்களா?

கவி_கொருக்குப்பேட்டை
குழு லேப்டாப் தம்பி. எல்லாரும் தொடுவாங்க. கணக்கு எழுத, மனு டைப் பண்ண காலேஜ் பிள்ளைங்க வேற வருவாங்க. பார்த்துட்டு வர்றேன்.

சட்டம்_சரவணன்
இந்த மாதிரி கருவியே தப்புங்கறது என் கட்சி. யாரோ ஒருத்தர் முகம் காட்டாம ரைட் கிளிக் பண்ணுவார், உங்க பேர் சிவப்பாயிடும், உங்களுக்கே தெரியாது. நார்வேயோட தரவுப் பாதுகாப்பு ஆணையம் இதைத் தடை பண்ணப்போறோம்னு 2021 டிசம்பர்லயே முன்னறிவிப்பு குடுத்துச்சு. குறிக்கப்பட்டவருக்குத் தகவல் இல்ல, மறுத்துப் பேச வழியில்ல, இதுதான் அவங்க ஆட்சேபணை. நம்ம ஊர்லயும் 2023-ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு.

தண்டையார்பேட்டை_ஜான்
நாமளே பப்ளிக்கா போட்ட விஷயத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாதே சார்?

சட்டம்_சரவணன்
நீங்களே வெளியிட்ட தகவலுக்குத்தான் அந்த விலக்கு. உங்க பேர் மேல அடுத்தவர் ஒட்டற முத்திரையை நீங்க எங்க வெளியிட்டீங்க? அதுல வாதத்துக்கு இடம் இருக்கு. ஒரு கறுப்புப் பட்டியலுக்கு வக்காலத்து வாங்காதீங்க.

நிலா_டோல்கேட்
சரவணன் சார், நீங்க சொல்றது புஸ்தகத்துல நியாயம். எங்க பொழப்புல வந்து பாருங்க. ஒரு வீடியோவுல நாங்க ரெண்டு நிமிஷம் முகம் காட்டினா, கீழ கமெண்ட்டுல எங்களைக் கிண்டல் பண்ற அந்த நம்பரைப் போட்டுக் கூப்பிடறது, ரேட்டு கேக்கறதுன்னு வரிசையா வரும். அதுல பாதிப் பேர் எங்க தெருவுல மூஞ்சிக்கு நேரா "வாங்கக்கா"ன்னு பேசறவன். எவன் எப்படின்னு முன்கூட்டியே ஒரு சின்ன குறிப்பு கிடைச்சாக்கூட எங்களுக்கு லாபம்தான். மறுத்துப் பேச வழியில்லன்னு சொல்றீங்க, எங்களை எழுதினவன்கிட்ட நாங்க எங்க போய் மறுத்துப் பேசறது?

சட்டம்_சரவணன்
உங்க வலி புரியுதும்மா, அதுக்காகத் தப்பு தப்பில்லன்னு ஆயிடாது. நாளைக்கே பத்துப் பேர் சேர்ந்து உங்க பேர்லயே சிவப்பு குத்தினா?

இளமாறன்_எண்ணூர்
அது நடக்கக்கூடிய விஷயம்தான். கூட்டமா சேர்ந்து குறிக்கிறதைச் சமாளிக்க வேற வழியும் இருக்கு. ட்விட்டர்ல 2021 ஜனவரியில பேர்ட்வாட்ச்னு தொடங்கி இப்ப கம்யூனிட்டி நோட்ஸ்னு ஓடுதே, அதுல வழக்கமா ஒத்துப்போகாத ஆளுங்க ரெண்டு பக்கமும் "இது உதவுது"ன்னு சொன்னாதான் குறிப்பு எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த விஷயத்துல திட்றவனும் திட்டு வாங்கறவனும் ஒத்துப்போற வரைக்கும் காத்திருக்க முடியுமா? அதனாலதான் இது ஒரு பக்கத்துக் கருவியாவே இருக்கு. அது தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும்.

என் அனுபவத்துல பெரிய ஓட்டை வேற. தமிழ் சேனல்ங்கள்ல முக்கால்வாசிக்குக் கலரே இருக்காது. இங்கிலீஷ்ல எழுதற பெரிய அக்கவுண்டுங்க நல்லா குறிக்கப்பட்டிருக்கும், ஏன்னா குறிக்கிறவங்க அங்கதான் அதிகம். ராயபுரத்துச் சாப்பாட்டு சேனலைக் குறிக்க யார் இருக்கா? கலர் இல்லேன்னா "நல்லவங்க"ன்னு அர்த்தம் இல்ல, இதுவரைக்கும் யாரும் பார்க்கலன்னுதான் அர்த்தம். பச்சையும் அப்படித்தான். யாரோ ஒரு நாள் பார்த்துட்டுக் குடுத்த மார்க். அதுக்கப்புறம் சேனல் கை மாறியிருக்கலாம், ஆளே மாறியிருக்கலாம்.

மூலக்கொத்தளம்_ரவி
அதுவுமில்லாம நம்ம ஏரியா பேச்சை வெளியூர்க்காரன் கேட்டா எல்லாமே திட்டற மாதிரிதான் இருக்கும். பாசமா கலாய்ச்சாலே ரெட்டு குத்திடுவான்.

நிலா_டோல்கேட்
ரவி, பாசம் எது, நக்கல் எதுன்னு எங்களுக்கு நல்லாவே தெரியும்பா. அதை நாங்க சொல்லிக்கிறோம்.

மூலக்கொத்தளம்_ரவி
சரிக்கா.

பைட்_பண்டிதர்
தொழில்நுட்பப் பிரிவில் அரசியல் வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது. கலர் கோளாறைப் பற்றி மட்டும் பேசவும்.

நிலா_டோல்கேட்
அந்தப் பொண்ணு கேட்டதே ஷூட்டுக்கு விடலாமா வேணாமான்னுதான் சார்.

கவிம்மா, கலரை ஓரமா வை. நான் பண்றதைச் சொல்றேன். அந்தச் சேனல்ல முன்னாடி நம்ம ஆளுங்க யாராச்சும் வந்த வீடியோ இருக்கான்னு தேடு. இருந்தா கமெண்ட்டுக்குப் போ. முதல்ல "சிறந்தவை"ன்னு காட்டும், அதுல எல்லாம் இனிப்பாதான் இருக்கும். அதை மாத்தி "புதியவை முதலில்" வச்சுப் பார்த்துக்கிட்டே கீழ போ. அசிங்கமானது அப்படியே கெடக்குதா, இல்ல எடுத்திருக்காங்களா? சேனல்காரன் கண்டுக்காம விட்டிருந்தான்னா, அவன் எவ்வளவு தங்கமா பேசினாலும் நமக்கு ஆகாது. நம்ம ஆளுங்க வந்த வீடியோவே இல்லேன்னா, பொம்பளைங்க கடை போட்ட வீடியோ கீழ பாரு. அங்கயே புத்தி தெரிஞ்சிடும்.

ஒத்துக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேளு. யூட்யூப்ல தடை பண்ண வேண்டிய வார்த்தைன்னு ஒரு பட்டியல் போட்டுக்கலாம், அந்த வார்த்தை வந்த கமெண்ட்டு தானா நிறுத்தி வைக்கப்படும். நம்மளத் திட்டற வார்த்தையெல்லாம் நாமளே எழுதிக் குடுக்கணும், தமிழ்லயும், இங்கிலீஷ் எழுத்துல தமிழா அடிக்கிறதையும், அந்த நம்பரையும் சேர்த்து. இன்னொண்ணு, வீடியோ போட்டதும் முதல் கொஞ்ச நாளைக்கு எல்லாக் கமெண்ட்டையும் அவங்க பார்த்த பிறகுதான் விடணும். அதுக்கும் செட்டிங்ல வழி இருக்கு. "அதெல்லாம் ரீச்சு போயிடும்"னு இழுத்தாங்கன்னா வேணாம்னு சொல்லிடு.

இளமாறன்_எண்ணூர்
இது எல்லா எக்ஸ்டென்ஷனுக்கும் மேல அக்கா. தலைப்பும் தம்ப்னெயிலும் போடறதுக்கு முன்னாடி காட்டச் சொல்லுங்கன்னும் சேர்த்துக்கங்க. உள்ள நல்லா பேசிட்டு வெளிய "யார் கையால சாப்பிட்டோம்னு பாருங்க"ன்னு போட்ட கதை எனக்குத் தெரியும்.

சட்டம்_சரவணன்
எழுத்துல வாங்கிக்கங்க. வாட்ஸாப்ல வந்தாலும் போதும், வாய்ப்பேச்சா விடாதீங்க. இதுல எனக்கும் நிலாம்மாவுக்கும் சண்டை இல்ல.

கவி_கொருக்குப்பேட்டை
புது ப்ரொஃபைல்ல கலர் இல்ல. பழசுல ரைட் கிளிக் பண்ணி கிளியர் குடுத்ததும் சிவப்பு போயிடுச்சு. விசாரிச்சதுல காலேஜ்ல இருந்து வர்ற ஒரு பொண்ணுதான் குறிச்சிருக்கு. அந்தச் சேனல்ல பழைய ப்ராங்க் வீடியோ ஒண்ணு இருக்காம், ஒரு பையன் புடவை கட்டிக்கிட்டு கைதட்டி சிக்னல்ல காசு கேக்கற மாதிரி. போய்ப் பார்த்தோம், இருக்கு. கமெண்ட்டு எதையும் எடுக்கல.

பைட்_பண்டிதர்
ஆக கையால் குறித்ததுதான். நான் பதிப்பைக் கேட்டதும் அதை உறுதி செய்யத்தான். தீர்ந்தது என்று குறியிடவும்.

தண்டையார்பேட்டை_ஜான்
அப்ப சிவப்பு சரிதானே? கிளியர் எதுக்குப் பண்ணீங்க?

நிலா_டோல்கேட்
கவிம்மா, அந்த வீடியோவைப் பத்தி அவங்ககிட்ட கேட்டியா?

கவி_கொருக்குப்பேட்டை
கேட்டோம்கா. "அது அப்ப பண்ணது, இப்ப நாங்க அப்படி இல்ல"ன்னு சொல்றாங்க. அப்ப எடுத்துடுங்கன்னோம், யோசிச்சு சொல்றோம்னாங்க. இங்க பாதிப் பேர் வரட்டும்றாங்க, கடைக்கு ஆள் வரும்னு. மாவு பிசையணும், வர்றேன்.

மூலக்கொத்தளம்_ரவி
வீடியோ வருதோ இல்லையோ, நான் சாயங்காலம் வந்துடறேன்மா. எத்தினி மணிக்குக் கடை?

நிலா_டோல்கேட்
எடுத்தாங்களான்னு வந்து சொல்லு கவி.

பெரம்பூர்_புதுமுகம்
அண்ணே, இந்த எக்ஸ்டென்ஷன் என் ஃபோன்ல ஏறவே மாட்டேங்குது. எப்படிப் போடறது?

இளமாறன்_எண்ணூர்
ஆண்ட்ராய்டு குரோம்ல எக்ஸ்டென்ஷன் ஏத்த முடியாது தம்பி. ஃபயர்ஃபாக்ஸ்ல 2023 கடைசியில இருந்து நிறைய எக்ஸ்டென்ஷனுக்கு வழி விட்டிருக்காங்க, அதுல தேடிப் பாருங்க.

பெரம்பூர்_புதுமுகம்
அதுலயும் வரல.

பைட்_பண்டிதர்
எந்தப் பதிப்பு? தனி இழை தொடங்கவும். முகப்பில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு.