மறு: திருப்புத்திறனா, திருப்பமா?

அனைவருக்கும் வணக்கம்.

பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆங்கிலத்து மொமண்டுக்கு, அதாவது விசை ஒரு பொருளை அச்சைச் சுற்றித் திருப்பும் அளவுக்கு, அதில் எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்று கேட்டிருந்தேன். பேச்சோ, துலாவிலிருந்து துலைமை என்று ஒருவர் சொன்னதும், அந்தத் துலாவின் வேர்ச்சொல்லில் போய் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் முதலில் கேட்டதையே மறுபடி கேட்கிறேன்.

சிக்கல் வகுப்பில் வந்தது. சீசா பலகையில் 40 கிலோ பையன், நடுவிலிருந்து ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்திருக்கிறான். மறுபக்கம் 30 கிலோ பெண் எங்கே உட்கார்ந்தால் பலகை சமனாக நிற்கும்? 2 மீட்டர் என்று பாதி வகுப்பு சரியாகச் சொல்லிவிட்டது. அப்புறம் அந்தப் பையனின் எடையால் வரும் திருப்புத்திறனைக் கேட்டேன். ஒருவன் 600 வாட் என்று எழுதியிருக்கிறான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. திறனின் அலகு வாட் என்று போன மாதம் நடத்தியவனே நான்தானே? திருப்பு விசை என்று மாற்றினால் நியூட்டன் என்று எழுதுவான். விடை 600 நியூட்டன் மீட்டர் (40 கிலோவின் எடையைச் சுமார் 400 நியூட்டன் என்று கொண்டால்). இது திறனும் இல்லை, விசையும் இல்லை. விசையைத் தூரத்தால் பெருக்கி வருவது.

> துலைமை வேண்டாம். துலா வடசொல். துல்லியமான தமிழ்ச்சொல்லே நமக்குத் தேவை.

ஐயா, துல்லியமும் துலாவுக்குப் பங்காளிதான். இதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

ஆனால் துலாவை எடுத்துவந்த அண்ணன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். அதன் துலா மரத்தின் மேல் ஆள் நடப்பார். கிணற்றுப் பக்கம் வந்தால் சால் உள்ளே இறங்கும். திரும்பி நாலு எட்டு வைத்தால் தண்ணீரோடு மேலே வரும். ஆளின் எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அச்சிலிருந்து அவர் நிற்கும் தூரம்தான் மாறுகிறது. அந்த மாற்றம் செய்கிற வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம். தராசுக்கோலை உவமை சொல்லும் 118ஆம் குறளைக் காட்டிய அம்மா மன்னிக்கவும், அந்தக் கோலுக்கு இரு கையும் ஒரே நீளம். நம் கணக்குக்கு, இரு கையும் வேறு வேறு நீளமான வெள்ளிக்கோல்தான் பொருந்தும்.

> திருப்பம் என்றால் கதையில் வருவது. பேருந்து நிற்பதும் அங்கேதான்.

ஆங்கிலத்து மொமண்ட் கணப்பொழுதையும் குறிக்கிறது, அவர்கள் குழம்பியா போனார்கள்? அதன் லத்தீன் மூலத்துக்குத் தராசைச் சாய்க்கப் போதுமான சிறு எடை என்றும் ஒரு பொருள் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் திருப்பம் என்றே இருக்கிறது. சடத்துவத் திருப்பம் (மொமண்ட் ஆஃப் இனர்ஷியா) வரைக்கும் போயும் இடறவில்லை. முறுக்கு விசை என்றவருக்கு: அதிலும் விசை இருக்கிறது.

எண்ணிப் பார்த்தேன். திருப்பத்துக்கு ஐந்து பேர், திருப்புத்திறனுக்கு மூன்று பேர், துலைமைக்கு அண்ணன் ஒருவர், திருப்புமைக்கு அதைப் படைத்தவர் மட்டும். தேர்வுத் தாளில் திருப்புத்திறன் என்றுதான் வரும் என்ற மூவரின் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் தாளில் திருப்பம் என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் திருப்புத்திறன் என்று தருகிறேன். திருப்புமைக்காரர் இதை ஏற்கமாட்டார், தெரியும்.

நெம்புகோலை நெம்பி என்று சுருக்கும் யோசனை அடுத்த தாளுக்கு இருக்கட்டும். இப்போது தொடங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.