ஃபெரன்ட்ஸுக்கு ஆண்டுக்கு 8 வெற்றி போதாதா?

கணக்குப்பிள்ளை
நம் அயோவா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி மிசூரியிடம் 27-24 என்று தோற்று, 2024 சீசனை 8-5 (8 வெற்றி, 5 தோல்வி) என்ற கணக்கில் முடித்த துக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அதற்குள் சோளக்கொல்லை அண்ணன் ஒரு பதிவு போட்டுவிட்டார். "2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 8 வெற்றி. அயோவா போன்ற நடுத்தர அணிக்கு அதற்கு மேல் ஆசைப்படுவது பேராசை. கோச் கிர்க் ஃபெரன்ட்ஸைத் திட்டுகிறவர்கள் அவர் போன பிறகு அழுவார்கள்" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு.

ஒவ்வோர் ஆண்டுமா? 2020ல் எத்தனை ஜெயித்தோம் அண்ணே? ஆறு. 6-2. எட்டு இல்லை. கோச்சைப் புகழுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணைத் தப்பாகச் சொல்லாதீர்கள்.

சோளக்கொல்லை
வந்துவிட்டார் தணிக்கை அதிகாரி. தம்பி, 2020 கொரோனா ஆண்டு. ஆடியதே 8 ஆட்டம். மிச்சிகனுடன் இருந்த ஆட்டம் அவர்கள் பக்கம் தொற்று வந்ததால் ரத்து. சீசன் முடிவில் நாஷ்வில்லில் மிசூரியுடன் இருந்த மியூசிக் சிட்டி பௌல் ஆட்டமும் ரத்து. 8 ஆட்டத்தில் 8 வெற்றி என்றால் ஒன்றில்கூடத் தோற்கக் கூடாது. அந்த ஆண்டை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா?

கணக்குப்பிள்ளை
"ஒவ்வோர் ஆண்டும்" என்று எழுதியது யார்? நானா? 2020 ஆண்டு இல்லையென்றால் என்ன அது, திதியா?

சீடர்ரேப்பிட்ஸ்_மருமகள்
நான் கேட்க வந்தது வேறு. 26 சீசன் ஒரே கோச். ஆண்டுக்கு 70 லட்சம் டாலர் சம்பளம். நாம் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் பட்டம் கடைசியாக 2004ல், அதுவும் மிச்சிகனோடு பங்கு போட்டது. இதை விட்டுவிட்டு 6ஆ 8ஆ என்று சண்டை போடுகிறீர்களே, உங்களுக்கு வேறு வேலை இல்லையா?

சோளக்கொல்லை
மருமகளே, 2015ல் 12-0 என்று போனோம். பிக் டென் இறுதியில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 16-13. கடைசி அரை நிமிடத்தில் போன ஆட்டம் அது. ஓர் அங்குலம் இப்படி அப்படி ஆகியிருந்தால் தேசியப் பட்டத்துக்கான ப்ளேஆஃப் போயிருப்போம். அப்போது ஃபெரன்ட்ஸுக்குச் சிலை வைத்திருப்பீர்கள்.

சீடர்ரேப்பிட்ஸ்_மருமகள்
அதற்கு அடுத்த ஆட்டத்தையும் சொல்லுங்கள் அண்ணே. ரோஸ் பௌல், ஸ்டான்ஃபோர்டு 45, நாம் 16. நான் முதல் கால் பகுதியிலேயே எழுந்து போய் இட்லிக்கு மாவு அரைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது நமக்கு இன்னும் பூஜ்யம்.

கணக்குப்பிள்ளை
12-0ஐ மறுக்கவில்லை. 2016ல் 8, 2017ல் 8, 2018ல் 9, 2019ல் 10. எல்லாம் சரி. 2020ல் 6. அப்புறம் 10, 8, 10, 8. பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு என்று எழுதியிருந்தால் நான் வாயையே திறந்திருக்க மாட்டேன்.

கின்னிக்_வடக்குவாசல்
நான் 1984ல் அயோவா சிட்டிக்குப் படிக்க வந்தவன். இங்கே பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. பழைய கோச் ஹேடன் ஃப்ரை பொறுப்பேற்பதற்கு முன் 17 சீசன் தொடர்ந்து தோல்வியை விட வெற்றி அதிகம் என்று ஒன்றுகூட இல்லாத அணி இது. அவரும் வந்தவுடன் மாயம் செய்துவிடவில்லை, மூன்றாவது சீசனில்தான் நிமிர்ந்தோம். அவருக்குப் பின் வந்த ஃபெரன்ட்ஸ் 1999ல் 1-10. 2000ல் 3-9. இன்றைய ரசிகர்கள் அன்று இருந்திருந்தால் இரண்டாம் ஆண்டே வழியனுப்பியிருப்பார்கள். 2002ல் அதே மனிதர் 11-2.

இந்த மாநிலத்தின் மக்கள்தொகை 32 லட்சம். உள்ளூரில் நல்ல ஆட்டக்காரர்கள் ஆண்டுக்குக் கைவிரல் எண்ணிக்கைதான். ஒஹையோ ஸ்டேட்டோடு ஒப்பிட்டால் எப்படி? யாரும் வேண்டாம் என்று விட்ட பையன்களை எடுத்துத் தேற்றி அனுப்புகிறார். கிட்டில், ஹாக்கன்சன், ஃபேன்ட், லபோர்ட்டா என்று எத்தனை டைட் எண்ட் (எதிரியைத் தடுத்துப் பந்தையும் பிடிக்கிற ஆட்டக்காரர்)! வேறு எந்தக் கல்லூரி இப்படி வரிசையாக அனுப்பியது?

சீடர்ரேப்பிட்ஸ்_மருமகள்
ஐயா, அத்தனை பேர் இருந்தும் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை என்பதுதானே எங்கள் வயிற்றெரிச்சல். 2022ல் சவுத் டகோட்டா ஸ்டேட்டை 7-3 என்று வென்றோம். அந்த 7 எப்படி வந்தது? பந்தை உதைத்து எடுத்த ஒரு ஃபீல்ட் கோலுக்கு 3, எதிரியை அவர்கள் எல்லைக்குள்ளேயே மடக்கிய இரண்டு சேஃப்டிக்கு 4. டச்டவுனே இல்லாமல் 7 புள்ளி! கால்பந்தா ஆடினார்கள், கொசுறு பொறுக்கினார்களா?

சோளக்கொல்லை
அந்த சவுத் டகோட்டா ஸ்டேட்தான் அந்த சீசன் அவர்கள் பிரிவில் தேசியப் பட்டம் வென்றது. சாதாரண அணி என்று நினைக்காதீர்கள். வெற்றி வெற்றிதான்.

கணக்குப்பிள்ளை
ஆமாம், வெற்றி வெற்றிதான். அதனால்தான் 6 ஆறுதான்.

பந்துபொறுக்கி
😂😂 விடமாட்டேன் என்கிறாரே மனிதர்.

சோளக்கொல்லை
சரி, கணக்கே பேசுவோம். 8ல் 6 என்றால் 75 சதவீதம். 2015, 2019 இரண்டையும் விட்டால் இந்தப் பத்து ஆண்டில் அதைவிட நல்ல விகிதம் எந்த ஆண்டும் இல்லை. முதல் இரண்டு ஆட்டம் பர்டூவிடம் 24-20, நார்த்வெஸ்டர்னிடம் 21-20. இரண்டும் சேர்த்து 5 புள்ளி. அதற்குப் பிறகு தொடர்ச்சியாக 6 வெற்றி. மிச்சிகன் அந்த ஆண்டு 2-4. மிசூரி 5-5. இரண்டையும் ஆடவிட்டிருந்தால் 8-2 என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை
அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. ஆடாத ஆட்டத்தை எல்லாம் உங்கள் நோட்டில் வெற்றி என்று எழுதினால் 1-10 ஆண்டையும் 10-1 ஆக்கிவிடலாம்.

இதையும் கேளுங்கள். 2020ல் ரத்தானது எந்த பௌல்? மியூசிக் சிட்டி. எந்த ஊர்? நாஷ்வில். எதிரி யார்? மிசூரி. இப்போது டிசம்பர் 30ஆம் தேதி எந்த பௌல், எந்த ஊர், எதிரி யார்? அதே பௌல், அதே ஊர், அதே மிசூரி. என்ன ஆயிற்று? 27-24, தோல்வி. உங்கள் ஊகப்படி மிச்சிகனை ஜெயித்திருந்தாலும் 2020 கணக்கு 7தான் வரும். 7ம் 8 இல்லை.

பந்துபொறுக்கி
ஐயோ, இது நல்ல அடி.

சோளக்கொல்லை
நான்கு ஆண்டு கழித்து வேறு குவார்ட்டர்பேக், வேறு அணியோடு ஆடியதை 2020க்குப் பொருத்துவது என்ன நியாயம்? தர்க்கம் என்றால் என்னவென்று தெரியுமா தம்பி?

கணக்குப்பிள்ளை
எனக்குத் தெரியாதுதான். 2021 அக்டோபரில் நாட்டிலேயே 2ஆம் இடத்தில் இருந்தபோது "ப்ளேஆஃபுக்கு டிக்கெட் போடுங்கள், பர்டூ எல்லாம் தூசு, தோற்றால் இங்கே எட்டுப் பேருக்குப் பிரியாணி" என்று எழுதியவரைக் கேட்கலாம், அவருக்குத் தர்க்கம் தெரியும். பர்டூ 24-7. அதுவும் நம் கின்னிக் அரங்கத்தில். பிரியாணி இன்னும் வரவில்லை.

சோளக்கொல்லை
அதை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை
எட்டுப் பேருக்குச் சொன்னீர்கள். ஆறு பேருக்குப் போட்டாலும் எட்டு என்றுதான் சொல்வீர்கள் போலிருக்கிறது.

லிங்கன்_சிவப்பு
நெப்ராஸ்காக்காரன் உள்ளே வரலாமா? ஐந்து தேசியப் பட்டம் வென்ற ஊரிலிருந்து ஒரு சந்தேகம். 8 வெற்றிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எங்கள் ஊரில் 9-3 என்று வைத்திருந்த கோச்சையே வீட்டுக்கு அனுப்பினோம். 2003ல் சோலிச், 2014ல் பெலினி.

சோளக்கொல்லை
அனுப்பி என்ன கிடைத்தது? பெலினி ஏழு சீசனும் குறைந்தது 9 ஜெயித்தார். அவருக்குப் பின் வந்த ரைலி 19-19. அப்புறம் உங்கள் செல்லப்பிள்ளை ஃப்ராஸ்ட் 16-31. இதைத்தானே நான் சொல்ல வந்தேன்! கையில் இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போன ஊர் உங்களுடையது. கணக்குப்பிள்ளை, இவரைப் பார்த்துப் படியுங்கள்.

சீடர்ரேப்பிட்ஸ்_மருமகள்
லிங்கன் அண்ணே, 2023ல் எங்களிடம் 13-10, கடைசி உதையில் தோல்வி. 2024ல் மறுபடி 13-10, மறுபடி கடைசி உதை, இந்த முறை 53 கெஜம். ஒரே படத்தை இரண்டு முறை பார்த்தீர்களே, டிக்கெட் காசு திரும்பக் கிடைத்ததா?

லிங்கன்_சிவப்பு
கடைசி வினாடி வரை நகம் கடித்தீர்கள் அல்லவா, எங்களைப் பார்த்து. 2022ல் 24-17 யார் வென்றது? சிரிக்காதீர்கள்.

பந்துபொறுக்கி
இண்டியானா 56, நெப்ராஸ்கா 7. அக்டோபர். சும்மா நினைவூட்டினேன்.

சீடர்ரேப்பிட்ஸ்_மருமகள்
இண்டியானா பெயர் வந்ததே நல்லது. 2023ல் 3-9 இருந்த அணி. புது கோச் சிக்னெட்டி வந்த முதல் ஆண்டே 11-2, ப்ளேஆஃப். நம்மைவிட அவர்களுக்கு என்ன பெரிய சரித்திரம்? நடுத்தர அணி, நடுத்தர அணி என்று சொல்லியே நம்மைத் தூங்க வைக்கிறார்கள்.

கின்னிக்_வடக்குவாசல்
அம்மா, ஓராண்டு பார்த்துவிட்டுப் பேசக் கூடாது. அப்படி மின்னி மறைந்தவர்கள் எத்தனையோ பேர். 26 ஆண்டு நிற்பது வேறு. 2024 முடிவில் 204 வெற்றி, பழைய கோச் உடி ஹேய்ஸ் ஒஹையோ ஸ்டேட்டில் எடுத்த 205க்கு ஒன்றுதான் குறைவு.

சீடர்ரேப்பிட்ஸ்_மருமகள்
26 ஆண்டு நின்றதில்தான் மகனையே அஃபென்ஸ், அதாவது புள்ளி எடுக்கிற ஆட்டத்தின் பொறுப்பில் வைத்தார் ஐயா. 2023 ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள்? ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும், 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) எடுக்கும் புள்ளியும் சேர்த்தி என்று சலுகை வேறு! அப்படியும் 16ஐத் தொடவில்லை. அக்டோபர் முடிவதற்குள் "இந்த சீசனோடு சரி" என்று நிர்வாகம் அறிவித்தது. வேறு எந்த வேலையிலாவது அப்பாவும் மகனும் இப்படி நடத்த முடியுமா?

சோளக்கொல்லை
அந்த சீசனில்தான் 10 வெற்றி. பிக் டென் மேற்குப் பிரிவுப் பட்டமும் நமக்கு. இரண்டையும் மறந்துவிடுகிறீர்கள்.

சீடர்ரேப்பிட்ஸ்_மருமகள்
அந்த சீசனில் தோற்ற 4 ஆட்டத்தில் மூன்றில் நம் புள்ளி பூஜ்யம். பென் ஸ்டேட் 31-0, மிச்சிகன் 26-0, டென்னசி 35-0. அந்த ஆண்டு அணியின் நாயகன் யார்? பன்ட் உதைக்கிற ஆஸ்திரேலியப் பையன் டோரி டெய்லர். ஒரே சீசனில் 4,479 கெஜம் உதைத்து தேசியச் சாதனை. பந்தை எதிரியிடம் திருப்பிக் கொடுப்பதில் உலகத் தரம்!

சோளக்கொல்லை
நான்காவது தோல்வி மினசோட்டா 12-10. அதை ஏன் விட்டீர்கள்? கூப்பர் டிஜீன் பன்ட்டைப் பிடித்து ஓடி டச்டவுன் வைத்தார். கையை ஆட்டினாராம், அது பந்தோடு ஓடமாட்டேன் என்கிற சைகையாம், டச்டவுன் செல்லாதாம். கண் இருக்கிறவன் கொடுக்கிற தீர்ப்பா அது? அது 11 வெற்றி ஆகியிருக்க வேண்டிய சீசன்.

லிங்கன்_சிவப்பு
இடது கையைத் தெளிவாக ஆட்டினார். விதிப்படி தீர்ப்பு சரி.

சோளக்கொல்லை
உங்களை யார் கேட்டது?

கின்னிக்_வடக்குவாசல்
அந்தத் தீர்ப்பு தவறு. நான் அரங்கத்தில் இருந்தேன். சாகும்வரை சொல்வேன்.

சீடர்ரேப்பிட்ஸ்_மருமகள்
இதில் மட்டும் ஐயா பக்கம் நான்.

கணக்குப்பிள்ளை
பார்த்தீர்களா? ஆடாத இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்ததாகக் கணக்கு. ஆடித் தோற்றதையும் ஜெயித்ததாகக் கணக்கு. இந்த வேகத்தில் போனால் ஃபெரன்ட்ஸ் உடி ஹேய்ஸை 2019லேயே தாண்டியிருப்பார்.

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. 2020ல் எத்தனை?

பந்துபொறுக்கி
கணக்கு அண்ணே, ஒரு சந்தேகம். நீங்கள் ஃபெரன்ட்ஸ் இருக்க வேண்டும் என்கிறீர்களா, போக வேண்டும் என்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை
அது வேறு விஷயம். அதை நான் பேசவே இல்லை.

சீடர்ரேப்பிட்ஸ்_மருமகள்
சரியாய்ப் போச்சு.

சோளக்கொல்லை
இப்போதாவது புரிகிறதா, இவருக்கு அணி மேல் அக்கறை இல்லை. என் மேல்தான் காழ்ப்பு. 2022ல் நான் இவருடைய சேஃப்டி விளக்கத்தில் ஒரு பிழை சொன்னேன். அன்றிலிருந்து என் பதிவு எதையும் விடுவதில்லை.

கணக்குப்பிள்ளை
அந்த விளக்கத்தில் பிழை இல்லை. அதையும் வேண்டுமானால் பேசலாம்.

கின்னிக்_வடக்குவாசல்
நான் படுக்கப் போகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் கால் பகுதி முடிந்ததும் 69,000 பேர் எழுந்து எதிரே குழந்தைகள் மருத்துவமனை ஜன்னலைப் பார்த்துக் கையசைக்கிறார்களே, அந்த அரங்கத்தில் உட்கார இடம் கிடைத்தாலே போதும் எனக்கு. 8 போதும். 6ம் போதும்.

சோளக்கொல்லை
ஐயா, 6 என்று நீங்களுமா? அது 6-2 ஐயா. அந்த 2ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
ஐயாவே சொல்லிவிட்டார். 6.

சோளக்கொல்லை
6-2.

கணக்குப்பிள்ளை
6. பிரியாணி எப்போது?