அவர்மேல் இரக்கமே வரவில்லை: குடிநோயாளிகளின் வீட்டாரிடம் கண்டவை

குடிநோயாளியின் வீட்டார் பேச வந்தால் முதல் அரைமணி கணக்குதான் ஒப்பிப்பார்கள். அடைத்த கடன், கெஞ்சி மீட்ட வேலை, உடைந்த சத்தியம். எழுந்து போகும் நேரத்தில்தான் குரல் தணியும்: "விழுந்து கிடந்தாலும் எனக்கு ஒண்ணும் தோணலை." அதைச் சொல்லத்தான் வந்திருப்பார்கள்.

உளவியலாளர் பெர்னார்ட் வைனர் இதை விளக்கியிருக்கிறார். துன்பம் ஒருவரின் கையை மீறி வந்ததாகத் தோன்றினால் இரக்கம் சுரக்கும். தானே தேடிக்கொண்டதாகத் தோன்றினால் கோபம் வரும். புற்றுநோய் என்றால் இரவெல்லாம் விழித்திருக்கும் அதே மனசுதான் பாட்டிலைப் பார்த்ததும் மூடிக்கொள்கிறது. இதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை.

இரக்கம் திரும்பட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று முடிவெடுத்து, போதை தெளிந்த காலையில் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். காப்பாற்ற முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். "இனி பணம் தரமாட்டேன்" என்றுவிட்டு நாலாம் நாள் கொடுத்தால், நாலு நாள் கெஞ்சினால் கிடைக்கும் என்றுதான் அவர் கற்றுக்கொள்வார்.

---

வார்டு பக்கத்திலிருந்து ஒன்று. வெறுத்துப்போன வீடுகளில் இரண்டு தவறுகள் நடக்கும். இரண்டுமே உயிரை வாங்கும்.

ஒன்று, அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்துவது. தினமும் அதிகம் குடித்தவருக்குச் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். டம்ளரை இரண்டு கையால் பிடித்தாலும் தண்ணீர் தளும்பும். வலிப்பு பெரும்பாலும் 48 மணிக்குள் வரும். 2 முதல் 4 நாளில் சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவார், காய்ச்சலும் குழப்பமும் சேரும். இதற்கு மருத்துவமனைதான். சத்துக் குறைந்த உடம்பு என்பதால் வைட்டமின் பி1 ஊசி முக்கியம். வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

இரண்டு, குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரையைச் சாப்பாட்டில் தெரியாமல் கலப்பது. அதன்மேல் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் சரியும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இது நேரலாம். அவர் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

எவ்வளவு கோபமிருந்தாலும், மயங்கிக் கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழலை அடைக்கும்.

---

குடிப்பவர் திருந்தும்வரை தங்களைக் கவனிக்கக்கூடாது என்றே பல வீட்டார் நினைக்கிறார்கள். குடும்பத்தாருக்கென்றே 1951இல் தொடங்கிய ஆல்-அனான் குழுக்களில் அந்த நிபந்தனை கிடையாது. அவர் இன்றும் குடித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் போய் உட்காரலாம்.